கேம் விமர்சனம் சிரிக்க வைக்கணுமா? அக்கா சொல்றதைக் கேளு

தம்பி, பழைய கேம், புது கேம் ரெண்டைப் பத்தியும் சிரிக்கச் சிரிக்க விமர்சனம் எழுதணும், அதையே அப்புறம் வீடியோவா பேசணும்னு சொல்லியிருந்தே. நல்ல ஆசை. தமிழ்ல இதுக்கு இன்னும் நிறைய இடம் காலியா இருக்கு. நீ அனுப்பின டிராஃப்டைப் படிச்சேன். பக்கத்துக்குப் பக்கம் "மொக்கை"ன்னு வருது, ஏன் மொக்கைன்னு ஒரு இடத்துலகூட வரல. படிக்கிறவங்களுக்கு உன் கோபம் தெரியுது, கேம் தெரியல. எல்லா டிப்ஸுக்கும் முன்னாடி இதை மனசுல வெச்சுக்கோ: சிரிப்பு திட்டுறதுல வராது, விவரத்துல வரும். கேம் என்ன பண்ணுதுன்னு கண்ணுக்கு முன்னாடி கொண்டுவந்து நிறுத்து, மத்தது தானா நடக்கும்.

திட்டாதே, நடந்ததைச் சொல்லு

2003-ல 'பிக் ரிக்ஸ்: ஓவர் தி ரோடு ரேஸிங்'னு ஒரு லாரி ரேஸ் கேம் வந்துச்சு. உலகத்துலயே மோசமான கேம்னு யார் பட்டியல் போட்டாலும் இது அதுல இருக்கும். "கேவலமான கேம், காசு தண்டம்"னு நீ எழுதினா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. இப்படிச் சொல்லிப் பாரு: ரேஸ் ஆரம்பிச்சாச்சு. எதிராளி லாரி கிளம்பல. கடைசி வரைக்கும் ஆரம்பக் கோட்டுலயே நிக்குது. நம்ம லாரி ஒரு வீட்டுக்குள்ள புகுந்து மறுபக்கம் வெளிய வருது, ஒரு கீறல் இல்ல. பாலத்துல ஏறினா பாலம் தாங்காது, லாரி அப்படியே பாலத்துக்குள்ள இறங்கிடும். செங்குத்தான மலையில ஏறினாலும் வேகம் குறையாது. ரிவர்ஸ்ல போனா வேகம் ஏறிக்கிட்டே போகும், அதுக்கு எல்லையே இல்ல. பட்டன்ல இருந்து விரலை எடுத்தா அந்த நொடியே லாரி நின்னுடும். கடைசியில ஒரு கோப்பையைக் காட்டி, தப்பான இங்கிலீஷ்ல நீ ஜெயிச்சுட்டேன்னு சொல்லும்.

இதுல நான் கையிலிருந்து ஒரு வரி சேர்க்கல. எல்லாம் அந்த கேமுக்குள்ள நடக்கிறது. வரிசை மட்டும்தான் என்னோடது: எதிராளி நகராததை முதல்ல வெச்சேன், கோப்பையைக் கடைசியில வெச்சேன். வரிசையை மாத்தினா சிரிப்பு பாதியாயிடும். 'கேம்ஸ்பாட்' தளத்துல அலெக்ஸ் நவாரோ இந்த கேமுக்கு 10-க்கு 1.0 கொடுத்தார். வீடியோ விமர்சனத்துல அவர் எதுவும் பேசவே இல்ல. முகமே போதுமா இருந்துச்சு. கேமரா முன்னாடி பேசப் போறவன் நீ. எங்க பேசாம இருக்கணும்னு அதைப் பார்த்துக் கத்துக்கோ.

எழுதும்போது பெயரடைகளை எல்லாம் ஒரு தடவை அடிச்சுப் பாரு. "பயங்கரமான", "படுமோசமான", "வேற லெவல்" எல்லாம் போனதுக்கு அப்புறமும் வரி நிக்குதுன்னா அது நல்ல வரி.

உள்ளே எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கோ

இந்த டிப்பைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ஒரு கேம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்க எழுதற நகைச்சுவைக்குத் தனி ருசி உண்டு. 1980-ல நாம்கோ கம்பெனியில டோரு இவாதானி உருவாக்கின 'பேக்‌மேன்'ல நாலு பேய் இருக்கே, நாலும் சும்மா துரத்துதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி புத்தி. சிவப்புப் பேய் நேரா உன் பின்னாடி வரும். ரோஸ் கலர் பேய் நீ இப்ப இருக்கிற இடத்துக்கு வராது, உன் முகம் திரும்பியிருக்கிற பக்கம் நாலு கட்டம் தள்ளிப் போய் மடக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் வீராப்பா உன்னைத் துரத்திட்டு வரும், எட்டு கட்டம் நெருங்கினதும் திரும்பி தன்னோட மூலைக்கே ஓடிடும். இப்ப யோசிச்சுப் பாரு, "பேய்கள் துரத்தும்"னு எழுதறது எங்க, கிட்ட வந்ததும் பயந்து ஓடற அந்த ஆரஞ்சுப் பேயை ஒரு பாத்திரமா எழுதறது எங்க!

அதே கேம்ல 256-ஆவது லெவலுக்குப் போனா திரையோட வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமா சிதறிக் கிடக்கும். லெவலை எண்ணற இடத்துல 255 வரைக்கும்தான் இடம், அதைத் தாண்டினா கணக்குத் தப்பிடும். அத்தனை லெவலும் தோக்காம வந்தவனுக்குக் கிடைக்கிற பரிசு, பாதித் திரை. இதை விளக்கத் தெரிஞ்சா உன் விமர்சனத்துல சிரிப்பும் இருக்கும், படிக்கிறவங்க புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டும் போவாங்க.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். 1989-ல ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக உருவாக்கினது. தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை டிரெஸ் போட்டு ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவை அப்படியே இளவரசனுக்குக் கொடுத்தார். அந்த மெஷின்ல மெமரி ரொம்பக் கம்மி. இன்னொரு எதிரிக்குத் தனியா உருவம் வைக்க இடமே இல்ல. அதனால இளவரசனோட உருவத்தையே நிழலா மாத்தி எதிரியாக்கிட்டார். அந்த நிழல் ஒரு கண்ணாடிக்குள்ள இருந்து வெளிய குதிக்கும், நீ குடிக்கப் போற மருந்தை உனக்கு முன்னாடி குடிச்சுடும், கதவை உன் முகத்துல மூடும். கடைசியில கத்தியால வெட்டினா அடி உனக்கே விழும். கத்தியை உறையில போட்டுட்டு நேரா நடந்தாதான் ரெண்டும் ஒண்ணாகும். மெமரி பத்தாம வந்த ஒரு சிக்கல், கேமோட மறக்க முடியாத பாத்திரமாயிடுச்சு. இந்தப் பின்னணி தெரியாம எழுதறவன் "நிழல் கடுப்பேத்துது"ன்னு ஒரு வரியோட நகர்ந்துடுவான்.

பழைய கேமை அது பிறந்த வீட்டுல வெச்சுப் பாரு

இன்னிக்கு இருக்கிற போன்ல எமுலேட்டர் போட்டு பழைய கேமை ரெண்டு நிமிஷம் விளையாடிட்டு "கிராபிக்ஸ் சரியில்ல"ன்னு சொல்றது விமர்சனமே இல்ல. 1985-ல வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட். அதனாலதான் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம், மேல இருந்தா வெள்ளை, கீழ இருந்தா பச்சை. இதைச் சொல்லிட்டுக் கிண்டல் பண்ணினா அதுல மரியாதையும் சேர்ந்து வரும்.

நம்ம ஊர்ல டிவி கேம்னு வித்ததெல்லாம் பெரும்பாலும் நின்டெண்டோ மெஷினோட நகல்கள். "99999 இன் 1"னு ஒட்டின மஞ்சள் கேசட்டுல உண்மையில விரல்விட்டு எண்ணற அளவுக்குத்தான் கேம் இருக்கும், அதையே கலர் மாத்தி, லெவல் மாத்தித் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பாங்க. கூட மேனுவல் வராது. கதை என்ன, பட்டன் என்ன பண்ணும்னு ஒண்ணும் தெரியாமதான் நாம எல்லாரும் விளையாடினோம். ஆனா அந்தக் காலத்துல கேமோட பாதி விளக்கம் மேனுவல்லதான் இருந்துச்சு. விமர்சனம் எழுதறதுக்கு முன்னாடி அதைத் தேடிப் படி. "ஒண்ணுமே புரியல"ன்னு நீ எழுதப் போற விஷயம் அதுல ரெண்டாம் பக்கத்துலயே இருக்கலாம்.

'டக் ஹன்ட்' துப்பாக்கி ஞாபகம் இருக்கா? புது எல்இடி டிவியில அது வேலை செய்யாது. டிரிக்கரை அழுத்தினதும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி நுனியில இருக்கிற சென்சார் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பிடிச்சா குறி சரின்னு அர்த்தம். பழைய குழல் டிவி வரையற வேகத்தை நம்பித்தான் இது மொத்தமும் ஓடுது. அதனால குறி தப்பினா சிரிக்கிற அந்த நாயைப் பத்தி எழுதணும்னா, பழைய டிவி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு விளையாடிட்டு எழுது.

கஷ்டத்தைப் பத்தி எழுதும்போதும் கஷ்டம் எந்த இடத்துலன்னு குறிப்பாச் சொல்லு. 1985-ல கேப்காம் விட்ட 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்'ல ஒரு அடி வாங்கினா வீரனோட கவசம் கழண்டு விழுந்து ஜட்டியோட நிப்பான், இன்னொரு அடியில எலும்புக்கூடாயிடுவான். அத்தனை லெவலையும் தாண்டிப் போய் முடிச்சா, நடந்ததெல்லாம் மாயை, முதல்ல இருந்து திரும்ப ஆடுன்னு சொல்லி அனுப்பிடும். 'பேட்டில்டோட்ஸ்'ல மூணாவது லெவல் வண்டி ஓட்டறது. நிறைய பேர் அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னே பார்த்ததில்ல. போதாக்குறைக்கு ரெண்டு பேர் சேர்ந்து விளையாடினா ஒருத்தர் அடி இன்னொருத்தர் மேலயும் விழும். அண்ணன் தம்பி இருக்கிற வீடுகள்ல இது எப்படி முடியும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணு, எமுலேட்டர்ல சேவ் பண்ணிச் சேவ் பண்ணித் தாண்டியிருந்தா அதை விமர்சனத்துல சொல்லிடு. சொல்லாம விட்டா கஷ்டத்தைப் பத்தி நீ எழுதற எதுக்கும் மதிப்பில்ல.

கேமே ஜோக் அடிக்குதான்னு முதல்ல பாரு

வேணும்னே மோசமா செஞ்ச கேமைப் பார்த்து, மோசமா இருக்குன்னு கிண்டல் பண்ணினா நீதான் ஏமாந்தவன் ஆயிடுவே. அமெரிக்க மேஜிக் ஜோடி பென், டெல்லருக்காக 1990-கள்ல உருவான 'டெசர்ட் பஸ்' இருக்கு பாரு, டூசான்ல இருந்து லாஸ் வேகஸ் வரைக்கும் பஸ் ஓட்டணும். நிஜமாவே எட்டு மணி நேரம் ஆகும். 45 மைலுக்கு மேல வேகம் போகாது. பயணிகள் கிடையாது, எதிர்ல வண்டி கிடையாது. பஸ் லேசா வலது பக்கமே இழுத்துக்கிட்டிருக்கும், அதனால பட்டன்ல எதையாவது கட்டி வெச்சுட்டுத் தூங்கவும் முடியாது. ரோட்டை விட்டு இறங்கினா பஸ்ஸைக் கட்டி இழுத்துட்டுத் திரும்ப டூசானுக்கே போவாங்க, அதுக்கும் அதே நேரம். ஊர் போய்ச் சேர்ந்தா ஒரு பாயின்ட். அந்த கேம் அப்ப விற்பனைக்கே வரல. ஆனா 2007-ல இருந்து வருஷா வருஷம் இதை விளையாடிக் காட்டி, உடம்பு சரியில்லாத குழந்தைகளுக்காகப் பணம் திரட்டிக்கிட்டிருக்காங்க. எனக்கு இந்த கேம் மேல ரொம்ப மதிப்பு.

ஜப்பான்ல நடிகரும் இயக்குநருமான டகேஷி கிடானோ பேர்ல 1986-ல வந்த 'டகேஷியின் சவால்' இதைவிட ஒரு படி மேல. ஒரு கட்டத்துல கன்ட்ரோலரைத் தொடாம ஒரு மணி நேரம் காத்திருக்கணும். இந்த மாதிரி கேமுக்கு விமர்சனம் எழுதும்போது, ஜோக்கை நீ அடிக்காதே. அது அடிச்ச ஜோக் பலிச்சுதா இல்லையான்னு சொல்லு. 2014-ல வந்த 'கோட் சிமுலேட்டர்'க்கும் இதுதான் சரியான அணுகுமுறை. கேமை ஹேங் ஆக்கற பிழையை மட்டும் சரி பண்ணிட்டு மத்ததை அதைச் செஞ்ச கம்பெனி வேணும்னே விட்டுவெச்சது.

செஞ்ச ஆளை விட்டுடு

'ஈ.டி.' கதை தெரியும்ல? அட்டாரி 1982-ல விட்ட கேம். குழியில விழறது, கழுத்தை நீட்டி மேல வர்றது, திரும்ப விழறது. விக்காம மிச்சமான கேசட்டுகளை 1983-ல அமெரிக்காவுல அலமகோர்டோ ஊர்க் குப்பைக்கிடங்குல புதைச்சாங்க, 2014-ல தோண்டி எடுத்தாங்க. இதை எழுதறவங்க பாதிப் பேர் அதை உருவாக்கின ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவைக் கோமாளியாக்கிடறாங்க. கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பிடிக்கணும்னு அவருக்குக் கிடைச்சது ஐந்து வாரம் சொச்சம். அந்தக் காலத்துல மாசக்கணக்கா எடுக்கிற வேலை அது. அதே மனுஷன்தான் அட்டாரியோட அருமையான கேம்கள்ல ஒண்ணான 'யார்ஸ் ரிவெஞ்ச்' செஞ்சவர். தேதியைப் பேசு, பேராசையைப் பேசு, குழியைப் பத்தி எவ்வளவு வேணாலும் பேசு. ராத்திரி பகலா உட்கார்ந்து வேலை பார்த்தவரை இழுக்காதே. நீ எழுதறதை நாளைக்கு அவங்க வீட்டுப் பிள்ளைங்க படிக்கலாம்.

புது கேம்னா எந்த வெர்ஷன்னு சொல்லு

பழைய கேசட்டுல இருந்த பிழை அப்படியே இருக்கும். புது கேம் அப்படி இல்ல. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10-ல வந்துச்சு. பழைய கன்சோல்ல அது ஓடின லட்சணத்தைப் பார்த்து சோனி ஒரு வாரத்துலயே தன் கடையை விட்டுத் தூக்கிடுச்சு. 2021 ஜூன்லதான் திரும்பச் சேர்த்தாங்க. 2023-ல 2.0 அப்டேட் வந்ததும் அதே கேமை ஜனங்க கொண்டாடினாங்க. அன்னிக்கு எழுதின கிண்டலை இன்னிக்குப் படிச்சா எதைப் பத்திப் பேசறாங்கன்னே புரியாது. அதனால எந்த மெஷின், எந்த வெர்ஷன், எந்த மாசம்னு முதல் பத்தியிலேயே போட்டுடு.

என் அபிப்பிராயம் கேட்டா, பிழையை வெச்சு அடிக்கிற ஜோக்கைக் குறைச்சுக்கோ. 2014-ல 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி'ல முகத்தோல் இல்லாம கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த படங்களைப் பார்த்து எல்லாரும் சிரிச்சோம், அப்டேட் வந்ததும் அந்தச் சிரிப்பு முடிஞ்சுது. கேமை யோசிச்ச விதத்துல இருக்கிற வேடிக்கைக்கு அப்டேட் கிடையாது. உலகமே அழியப்போகுது, சீக்கிரம் வான்னு ஒருத்தர் கெஞ்சிக்கிட்டிருப்பார், நீ அங்க ஆத்தங்கரையில மீன் பிடிச்சுக்கிட்டிருப்பே, அவரும் எத்தனை நாளானாலும் காத்திருப்பார். இதைப் பிடி, பத்து வருஷம் கழிச்சும் சிரிப்பாங்க.

காசைப் பத்தியும் சொல்லணும். ஸ்டீம்ல வாங்கின கேமை 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கலாம். அதனால முதல் ரெண்டு மணி நேரம் எப்படி இருக்கும்னு தனியா நாலு வரி எழுது. உன் ஜோக்கை மறந்துட்டாலும் அந்த நாலு வரிக்காக உன்னைத் தேடி வருவாங்க.

யாரைப் பார்த்துக் கத்துக்கலாம்

பெஞ்சமின் 'யாட்ஸி' க்ரோஷா 2007-ல இருந்து 2023 வரைக்கும் 'ஜீரோ பங்க்சுவேஷன்'னு வாராவாரம் போட்டார். மஞ்சள் பின்னணி, சின்னச் சின்னப் பொம்மைப் படம், மூச்சு விடாத பேச்சு. அவரைப் பார்த்துக் கிளம்பினவங்க எல்லாம் வேகத்தையும் கெட்ட வார்த்தையையும் மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அவர் ஒவ்வொரு கிண்டலையும் கேமோட அமைப்புல ஒரு குறையோட முடிச்சுப் போடறதை விட்டுட்டாங்க. நீ அதை எடுத்துக்கோ. 'ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்' ஜேம்ஸ் ரோல்ஃப் கத்துவார், ஆனா கத்தறதுக்கு முன்னாடி கேமை முழுசாக் காட்டிடுவார். எனக்கு இவங்க ரெண்டு பேரையும்விட ஜப்பான்ல 2003-ல இருந்து ஓடற 'கேம்சென்டர் சிஎக்ஸ்' பிடிக்கும். ஷின்யா அரினோன்னு ஒரு காமெடி நடிகர் பழைய கேமோட மல்லுக்கட்டுவார், மணிக்கணக்கா தோப்பார், கூட இருக்கிற பசங்க வந்து கைகொடுப்பாங்க. அதுல திட்டே கிடையாது, நாம பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற மாதிரியே இருக்கும். நம்ம குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து பார்க்கிற வீடியோ செய்யணும்னா இந்த வழி நல்ல வழி.

அவங்க பேசற இங்கிலீஷ் கிண்டலைத் தமிழ்ல மாத்திப் போடாதே. உனக்கு நம்ம பேச்சு இருக்கு. வடிவேலு மீமும் அளவாப் போடு. அதுல வர்ற சிரிப்பு அவருக்குச் சேரும், உனக்குச் சேராது.

பாராட்டும்போதும் சிரிக்க வை

நல்ல கேமைப் பத்தி எழுதினா போரடிக்கும்னு ஒரு எண்ணம் இருக்கு. தப்பு. 2019-ல மெல்போர்ன்ல நாலு பேர் சேர்ந்து செஞ்ச 'அன்டைட்டில்டு கூஸ் கேம்'ல நீ ஒரு வாத்து. அமைதியான கிராமம், உன் கையில செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்: தோட்டக்காரரோட சாவியைத் திருடு, அவரை நனைய வை, வாருகோலை ஏரியில போடு. கத்தறதுக்குன்னே தனியா ஒரு பட்டன். அந்தக் கேமை நேசிச்சுக்கிட்டே எவ்வளவு வேணாலும் சிரிக்கலாம்.

'வெண்பா' பத்தி எழுதினா நிதானமா எழுது. டொரன்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல வெளியிட்டது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தோட கதை. 2024-ல பாஃப்டாவோட சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு. அம்மாவோட கிழிஞ்சும் அழிஞ்சும் போன சமையல் குறிப்பை வெச்சுக்கிட்டு இட்லி வைக்கணும், ஆவி எல்லாத் தட்டுக்கும் போற மாதிரி அடுக்கணும். இட்லிப் பானையை ஒரு புதிரா வெச்சு உலகமே யோசிச்சதைச் சொல்லு, அங்க சிரிப்பு இருக்கு. மகன் தமிழ்ல பேசத் தயங்கற இடத்துல ஜோக் போடாதே. நம்ம வீடுகள்ல நிறைய பேருக்கு அது பட்ட இடம்.

மதிப்பெண் போடறதா இருந்தா முழு அளவையும் பயன்படுத்து. 1990-கள்ல இங்கிலாந்துல வந்த 'அமிகா பவர்' பத்திரிகையில 50 சதவீதம்னா சுமார்னுதான் அர்த்தம். எல்லாரும் 70-க்குக் கீழ இறங்கவே பயந்த காலம் அது. சுமாரான கேமுக்கு 5 போட உனக்கு மனசு வரலைன்னா மதிப்பெண்ணே வேண்டாம், வாங்கலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லிடு.

எங்க ஆரம்பிக்கிறது

புதுசா ஒண்ணும் வாங்காதே. 2002-ல வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யில இருந்து ஆரம்பி. உனக்கும் தெரியும், உன்னைப் படிக்கப் போறவங்களுக்கும் தெரியும். பிரவுசிங் சென்டர்ல மணிக்குக் காசு கொடுத்து ஆடினது, நோட்டுப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல சீட் கோடு எழுதிவெச்சது எல்லாம் ஊருக்கே பொது. ஆனா முழு கேமையும் எடுக்காதே. அந்த பொம்மை ஹெலிகாப்டர் மிஷன் மட்டும் எடுத்துக்கோ: கட்டிக்கிட்டிருக்கிற பில்டிங்குக்குள்ள ஒவ்வொண்ணா நாலு குண்டைத் தூக்கிட்டுப் போய் வைக்கணும், மேல நேரம் ஓடிக்கிட்டிருக்கும், கீழ வேலை பார்க்கிறவங்க கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு அந்தத் தம்மாத்தூண்டு ஹெலிகாப்டரை அடிக்க ஓடிவருவாங்க. திரும்ப ஒருமுறை விளையாடு. எந்த பட்டன் எந்த விரலுக்கு எட்டல, எந்தச் சுவர்ல இடிச்சே, எந்த மாடிப்படியில திரும்ப முடியலன்னு ஒவ்வொண்ணையும் அப்பவே ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோ. ஐந்நூறு வார்த்தைக்கு மேல போகாம எழுது. எழுதி முடிச்சதும் சத்தமா வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி, அந்த கேமை ஒருநாளும் ஆடாத அம்மாகிட்ட போட்டுக் காட்டு. அவங்க சிரிச்ச இடத்துலயும், "அப்புறம் என்னடா ஆச்சு"ன்னு கேட்ட இடத்துலயும் கோடு போட்டு எனக்கு அனுப்பு. அந்த ரெண்டையும் தொடமாட்டேன், மத்ததை வெட்டித் தர்றேன்.